உட்கார முடியாத தாய்மாமன்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் டாக்டர், சீனப் பெண், நாற்பது வயது இருக்கும். பக்கத்து ஸ்டூலில் நர்ஸ் பத்மா. ஜொகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். டாக்டர் பேசுவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நாற்காலியில் என் மனைவி கலா, மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அப்புறம் நான். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

என் தங்கச்சி மீனா அங்கே இல்லை. அவளுக்குச் சொல்லவில்லை.

"உட்காருங்கண்ணே," என்றார் பத்மா.

"பரவாயில்ல."

டாக்டர் சிரித்தார். இந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் பேசுவார்கள் என்றார்.

எனக்கு வந்தது மூலம். வெட்கப்பட்டுக்கொண்டு பல பெயரில் சொல்வார்கள். நான் நேராகவே எழுதுகிறேன். இப்போதும் துறைமுகத்தில் யாராவது கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உங்களுக்கு அது இருந்துச்சாமே, எப்படிச் சரியாச்சு" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் இது.

எல்லாருக்கும் ஆசனவாயின் உள்சுவரில் மெத்தை மாதிரி ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. முக்கினால், ரொம்ப நேரம் உட்கார்ந்தால், தண்ணீர் குறைவாகக் குடித்தால் அவை வீங்கும். அதற்கு நாலு படி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் வீக்கம் உள்ளேயே இருக்கும், ரத்தம் மட்டும் வரும். இரண்டாவதில் வெளியே வந்து தானாக உள்ளே போகும். மூன்றாவதில் கையால் தள்ளினால்தான் போகும். நாலாவதில் தள்ளினாலும் போகாது. பத்மா விரல் மடக்கி மடக்கிச் சொன்னார். என்னுடையது மூன்று முடிந்து நாலுக்குப் போகிறது என்றார் டாக்டர்.

எப்படி வந்தது என்பதற்கு என் வேலையைச் சொல்ல வேண்டும்.

நான் அதிகம் படிக்கவில்லை. பிரைமரியோடு நின்றுவிட்டது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் ஆளாகச் சேர்ந்து, பிறகு கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிரேன் கூண்டு கடலுக்கு மேலே, பத்து மாடி உயரத்துக்கும் மேலே தொங்கும். தரை முழுக்கக் கண்ணாடி. இரண்டு கால்களுக்கு நடுவில் குனிந்து பார்த்துக்கொண்டே கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்க வேண்டும். அங்கே கழிப்பறை கிடையாது. இறங்கிப் போய் ஏறி வந்தால் கீழே லாரிகள் வரிசையாக நிற்கும், கப்பல் காத்திருக்கும். ஆகவே யாரும் இறங்க மாட்டோம். தண்ணீர் குடிக்க மாட்டோம். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த இடத்தை நான் குறை சொல்லவில்லை. விடியும்போது கூண்டிலிருந்து பார்த்தால் தீவுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். முதுகுக்குப் பின்னால் ஊர் விளக்குகளை அணைக்கும். அந்தக் கிரேன்கள் இப்போது அங்கே இல்லை. வேலை துவாஸ் பக்கம் போய்விட்டது. எம்.ஆர்.டி.யில் தஞ்சோங் பகார் ஸ்டேஷன் வரும்போது இப்போதும் தலை தானாக நிமிர்கிறது. பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலில் என்ன தெரியப் போகிறது. பழக்கம்.

முதலில் ரத்தம். சொட்டுச் சொட்டாக. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். பிறகு வெளியே வர ஆரம்பித்தது. கலா இழுத்துக்கொண்டு போன பிறகுதான் அரசாங்கப் பாலிகிளினிக் போனேன். நார்ச்சத்துத் தூள் கொடுத்தார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மலம் இளகியது. ஆனால் வயிறு உப்பிக்கொண்டது. பூட்டிய கூண்டுக்குள் வயிறு உப்பினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அடுத்த ஷிப்ட் ஏறுகிறவர் மலாய்க்காரர். கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போய், "ராசு, உள்ளே எதை ஏத்தி வெச்சிருக்க?" என்பார்.

அடுத்து ரப்பர் வளையம். வீங்கிய இடத்தின் அடியில் சின்ன வளையத்தைப் போட்டுவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் காய்ந்து விழுந்துவிடும். மயக்க மருந்து கிடையாது. அவ்வளவு உள்ளே வலி தெரியாது என்றார்கள். அது உண்மைதான், கனமாக மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தேன். கலாவும் நானும் படம் பார்க்கப் போனோம். இடைவேளை வரை உட்கார்ந்தேன், இடைவேளைக்குப் பிறகும் உட்கார்ந்தேன். கலா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அது திரும்பி வந்தது.

இதைத்தான் டாக்டர் அன்று கேட்டார். இதனால் வாழ்க்கை எப்படி இருக்கிறது, வேலை, தூக்கம், வெளியே போவது, சாப்பாடு.

"பரவாயில்ல," என்றேன்.

கலா பையைக் கீழே வைத்தாள்.

"சிஸ்டர், இவரு எதைக் கேட்டாலும் பரவாயில்லன்னுதான் சொல்வாரு. நான் சொல்றேன், நீங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. எம்.ஆர்.டி காலியா இருந்தாலும் பிடோக்ல இருந்து கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே போவாரு. கறுப்பு கால்சட்டை தவிர வேற வாங்க மாட்டாரு. பையில எப்பவும் இன்னொரு கால்சட்டை. வெளியில சாப்பிட மாட்டாரு. யாரு வீட்டுக்குப் போனாலும் வாசல்ல நின்னு பேசிட்டு வந்துருவாரு. கல்யாண வீட்டுல பந்தியில உட்கார மாட்டாரு, வாளியைத் தூக்கிக்கிட்டு சாம்பார் ஊத்தப் போயிடுவாரு. ஊரே சொல்லுது, ராசு மாதிரி வேலை செய்ற மனுஷன் உண்டான்னு. எனக்குத்தானே தெரியும்."

பத்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். எனக்கும் அதுவரை அது இவ்வளவு நீளமான விஷயம் என்று தெரியாது. ஒவ்வொன்றாக விட்டுவிட்டிருந்தேன். மொத்தமாக யாரும் சொன்னதில்லை.

அதற்கு முந்தின வாரம் குழாய் விட்டுக் குடலைப் பார்த்திருந்தார்கள். என் வயதில் ரத்தம் வந்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டுமாம். முந்தின நாள் மருந்துத் தண்ணீர் குடித்து வயிறு முழுக்கக் காலியாக வேண்டும். அது முடிந்து முடிவு வரும் வரைக்கும் இருந்த பயத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. கலா அந்த நாட்களில் வீட்டில் எல்லாத் தட்டுகளையும் இரண்டு தடவை கழுவினாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"கேன்சர் இல்லைங்கண்ணே," என்றார் பத்மா. "ஆனா இது இனிமே வளையத்துக்கு அடங்காது. ஆபரேஷன்தான்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அடுத்த மாசம் தரையில சம்மணம் போட்டு உட்காரணும். மடியில புள்ளை இருக்கும். முடியுமா, கேளுங்க."

டாக்டர் பிள்ளையின் எடையைக் கேட்டார். எட்டுக் கிலோ இருக்கும் என்றாள் கலா. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, கடினமான தரையில் உட்காருவதை நினைக்கவே வேண்டாம், ஆறி முடிய இரண்டு மாதமாவது ஆகும் என்றார்.

ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால் என்று கேட்டேன். முன் வாரம் எவ்வளவு ரத்தம் போனது என்று உங்களுக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியும்.

மீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது, பாலிடெக்னிக் சேர்த்தது, கல்யாணம் செய்து கொடுத்தது எல்லாம் நான்தான். மாப்பிள்ளை சுந்தர் விமான நிலையத்தில் சாப்பாடு ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது, இந்த ஊர் வழக்கப்படி பேச்சு முடிவில் ஒரு ‘லா’ போடுவார். கல்யாணமாகி ரொம்ப வருடம் பிள்ளை இல்லை. கோயில், டாக்டர், மறுபடி கோயில். கடைசியில் ஒரு பெண் பிறந்தாள். யாழினி.

எங்கள் பக்கத்தில் முடியிறக்கிக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தாய்மாமன் தரையில் பாய் போட்டுச் சம்மணம் கட்டி உட்கார வேண்டும். பிள்ளை கதறும், உதைக்கும், அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் மாமன். பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம் நடக்கும்போது செய்வார்கள். ஒன்பதாம் மாதத்துக்கு நாள் குறித்து, கேலாங் பக்கம் ஒரு கோயிலில் இடமும் சொல்லியாகிவிட்டது.

மீனாவிடம் எனக்கு முதுகு வலி என்று சொல்லி வைத்திருந்தேன். தங்கச்சியிடம் வேறு எப்படிச் சொல்வது. அதுதான் வம்பாகிவிட்டது. மச்சானுக்கு முதுகு வலி என்று கேட்ட நாளிலிருந்து சுந்தர் வாரா வாரம் தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வாங்கிக்கொண்டு வந்தார். மிளகு தூக்கலாகப் போடச் சொல்லி, பிளாஸ்க்கில்.

"குடிங்க மச்சான். எலும்புக்கு எலும்புதான் மருந்து."

"வேண்டாம் மாப்பிள்ள."

"அட, மாப்பிள்ளை கையால குடுத்தா வேண்டாம்னு சொல்றதா? நான் நிக்கிறேன், முடிச்சுட்டு பிளாஸ்க்க குடுங்க. மீனா திட்டுவா லா."

குடித்தேன். அவர் முன்னால் வேறு என்ன செய்வது. மாப்பிள்ளை கொண்டுவந்ததைக் கொட்டவா முடியும். மூல வியாதிக்காரனுக்கு மிளகு சூப் என்ன செய்யும் என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மறுநாள் கூண்டில் உட்கார்ந்து பற்களைக் கடித்துக்கொண்டு பெட்டி தூக்குவேன். அடுத்த வாரம் மறுபடி பிளாஸ்க். கடைசி பிளாஸ்க்குக்கு அப்புறம் வந்த ரத்தம்தான் என்னை அந்த அறைக்குக் கொண்டுவந்தது.

ஆபரேஷனுக்குச் சரி என்றேன். ஆறு கட்டில் வார்டு. ஃபேன் காற்றுதான். சம்பளத்தில் பிடித்து வைக்கிற மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் பெரும்பகுதி கழிந்துவிடும் என்று கலா விசாரித்து வைத்திருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. என்னையும் கேட்க விடவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வெட்டி எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மரப்பு இறங்கிய பிறகு தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் டாக்சி ஓட்டுகிற சீனர், டான் அங்கிள். எழுபதை நெருங்கியவர். எனக்கு முந்தின நாள் அவருக்கு ஆபரேஷன். எங்கள் இருவருக்கும் பொது மொழி மார்க்கெட்டில் பேசுகிற மலாய்தான். என்னை வார்டுக்குக் கொண்டுவந்த உடனே சத்தமாகக் கேட்டார்.

"லூ அப்பா சாகிட்?" உனக்கு என்ன வியாதி என்று.

கலா நின்றுகொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பெலாகாங்," என்றேன். முதுகு.

நான் ஒருக்களித்துப் படுத்திருந்த தினுசிலேயே அங்கிள் என்னை அளந்தார். "முதுகு மேலேயா, முதுகு கீழேயா?"

வார்டு முழுக்கச் சிரித்தது. கலா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது. அங்கிளுக்கும் வலித்தது. இரண்டு பேரும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அத்தனை வருடத்தில் அந்த வியாதியைப் பற்றி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஊசியால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. சிலருக்கு அப்படி ஆகும் என்றார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிறுநீர்க் குழாய் போடுவார்களாம். நான் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியிலிருந்து டான் அங்கிள் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டார். பிறகு குழந்தைக்குச் செய்வது போல "ஷ்ஷ்" என்று சத்தம் கொடுத்தார். எழுபது வயது மனிதர், வலியில் கால்களை அகட்டி நின்றுகொண்டு. கடைசியில் சிறுநீர்க் குழாய்தான் போட்டார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

மாலையில் இருவரும் தாழ்வாரத்தில் நடப்போம். நடக்கச் சொல்லியிருந்தார்கள். வாத்து மாதிரிதான் நடை. அவர் டாக்சியில் ரப்பர் வளையக் குஷன் வைத்து ஓட்டியதைச் சொல்வார். ஏர்போர்ட் வரிசையில் காத்திருக்கும்போது எல்லா டிரைவர்களும் உட்கார்ந்து டோமினோ ஆடுவார்கள், அவர் மட்டும் நின்றுகொண்டு ஆட்டம் பார்ப்பாராம். சூதாட்டம் பிடிக்காத நல்ல மனிதர் என்று அவருக்குப் பெயராம். நான் கல்யாண வீட்டில் சாம்பார் வாளி தூக்கியதைச் சொன்னேன். ரொம்ப நேரம் தலையாட்டினார்.

முதல் தடவை கழிப்பறைக்குப் போவதைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டியதுதான். இனிப்பு மருந்து கொடுத்து மலத்தை இளக்கித்தான் அனுப்புகிறார்கள். அப்படியும் உள்ளே தீக்குச்சி கிழித்தது போல் இருந்தது. அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தால் வலி மெல்ல இறங்கும். முதல் தடவைதான் மோசம். அடுத்தது கொஞ்சம் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. இதை மட்டும் நம்பலாம்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று மட்டும் கலா மீனாவிடம் சொல்லியிருந்தாள். முதுகுக்கு என்று. மீனா போன் செய்தாள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல."

பிறகு, "காதுகுத்துக்கு நீங்க கஷ்டப்பட வேண்டாம். ஜொகூர் குமார் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். பெரியப்பா மகன்தானே, அவரும் மாமன் முறைதானே. அவரு உட்காருறேன்னாரு."

"சரி."

"சரியா அண்ணே?"

"சரிம்மா."

போனை வைத்துவிட்டேன். டாக்டரே முடியாது என்று சொல்லிவிட்டார். தங்கச்சி நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். குமாரும் நல்ல பையன். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சாயங்காலம் நான் நடக்கப் போகவில்லை. டான் அங்கிள் வந்து கூப்பிட்டார். வலிக்கிறது என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மீனாவே வந்துவிட்டாள். பிள்ளையை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்று சுந்தர் கீழே வைத்துக்கொண்டிருந்தார். மீனா கையில் அந்த பிளாஸ்க்.

"அவரு கொடுத்துவிட்டாரு. சூடா இருக்கு, குடிங்க." மூடியைத் திறந்தாள். மிளகு வாசம் வார்டு முழுக்க வந்தது.

டான் அங்கிள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் வீசினார்.

"நோ, நோ, நோ! கெனாட்! புவாசிர் சூப் கெனாட்! லாடா, மாத்தி!"

மீனாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். புவாசிர் என்றால் மூலம். லாடா என்றால் மிளகு. மாத்தி என்றால் செத்தான். கெனாட் என்பது இந்த ஊர் இங்கிலீஷில் கூடாது. அவள் அங்கிளைப் பார்த்தாள். அங்கிள் தன்னையும் என்னையும் விரலால் காட்டி, "சாமா சாமா," என்றார். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்.

மீனா பிளாஸ்க்கை மூடினாள். மெதுவாகத்தான் மூடினாள்.

"எத்தனை வருஷமா?"

கலா சொன்னாள். "உன் கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

"என் கல்யாணத்துல பந்தியில நீங்க உட்காரவே இல்லையே அண்ணே."

"பரிமாறணும்ல."

"பொய்." அவள் குரல் மாறியது. "எங்க வீட்டுக்கு வந்தாலும் வாசல்ல நின்னுட்டு போயிடுவீங்க. எங்க மாமியார்கூட கேட்டாங்க, உங்க அண்ணன் ஏன் நம்ம வீட்டு சோபால உட்கார மாட்டேங்கறாருன்னு. யாழினியைத் தூக்குவீங்க, நின்னுக்கிட்டே தூக்கிட்டு நின்னுக்கிட்டே குடுத்துருவீங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் மடியில வெச்சது இல்ல. இவ்வளவு வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ளை, மாமனுக்குப் புடிக்கலையோன்னு நெனச்சேன். காதுகுத்துக்கும் முதுகு முதுகுன்னு சொன்னீங்களா, ஒதுங்கறீங்கன்னு நெனச்சுத்தான் குமார் அண்ணனைக் கேட்டேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு அது தெரியாது. அவள் இப்படி நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வலியை மறைத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

"புடிக்காம இல்லம்மா," என்றேன். "உட்கார முடியல."

மீனா அழுதாள். பிறகு பிளாஸ்க்கைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "வாரா வாரம் குடிச்சீங்களா?"

"மாப்பிள்ளை நின்னாரே."

அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு சுந்தருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது. விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் அறிந்து சுந்தர் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

"காதுகுத்து ஒன்பதாம் மாசம் இல்ல," என்றாள் மீனா. "பதினொன்னாம் மாசம்."

"எங்கம்மா என்ன ஏதுன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?" என்றார் சுந்தர்.

"மாமன் மடி ரெடி ஆகலைன்னு சொல்லுங்க. என் புள்ளை காது எங்கயும் ஓடிப் போகாது. குமார் அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். அப்புறம், இந்த சூப்ப எடுத்துட்டு வர்றேன். கீழ நான் நின்னு பாக்குறேன், நீங்க முழுசா குடிக்கணும்."

"மச்சான்!" என்று போனுக்குள்ளிருந்து கத்தினார் சுந்தர். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மச்சான்! நான் பப்பாளி வாங்கிட்டு வந்திருப்பேன் லா!"

டான் அங்கிளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் கைதட்டினார்.

அங்கிள் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போகும்போது தன் குஷனை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நீலத் துணி உறை, ஓரத்தில் பீங்கான் தட்டில் இருக்கிற மாதிரி பூ. அவர் மனைவி தைத்ததாம். அந்த அம்மா இப்போது இல்லை என்று நடக்கும்போது சொல்லியிருந்தார். வேண்டாம் என்றேன். தனக்கு இனி தேவையில்லை, இனி உட்கார்ந்து டோமினோ ஆடப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. டாக்சி ஏறும்போதெல்லாம் முதலில் டிரைவர் சீட்டைப் பார்க்கிறேன்.

வீட்டில் கலா ஒரு பெரிய பேசின் வாங்கி வைத்திருந்தாள், இளஞ்சிவப்பு. அதில் வெந்நீர் விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். பிள்ளை குளிப்பாட்டுகிற மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு தடவை முழங்கையை விட்டுவிட்டுச் சிரித்தாள். சுந்தர் சொன்னபடி பப்பாளி கொண்டுவந்தார். முன்பு சூப் கொண்டுவந்த அதே கிழமையில். நின்று பார்த்துவிட்டுப் போவார்.

வேலைக்குத் திரும்பியபோது சூப்பர்வைசரிடம் நேராகச் சொல்லிவிட்டேன், நடுவில் ஒரு தடவை இறங்குவேன் என்று. சரி என்றார். அவ்வளவுதான். அத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதும் சரி என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் இறங்க ஆரம்பித்த பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள்.

டாக்டர் பார்த்து, ஆறிவிட்டது, இனி கனம் தூக்கலாம் என்று சொன்ன பிறகு, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பழகினேன். முதலில் குஷன் மேல். பிறகு மடித்த போர்வை மேல். பிறகு வெறும் பாயில். கலா சமையலறையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அசையாமல் இருந்தேன். அடுத்த வாரம் அதன் மேல் கோதுமை மாவுப் பையையும் வைத்தாள். அப்போது சுந்தர் பப்பாளியோடு உள்ளே வந்தார்.

"மச்சான், அரிசிக்கா காது குத்தறீங்க?"

"பழகறேன் மாப்பிள்ள."

"அரிசி உதைக்காது லா. நம்ம ஆளு உதைப்பா." சொல்லிவிட்டு மாவுப் பையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். வலிக்கவில்லை. அந்தப் பையைக் கொஞ்ச நேரம் மடியிலிருந்து எடுக்க விடவில்லை நான்.

யாழினி இப்போது பிரைமரி மூன்று படிக்கிறாள். காதில் தொங்கட்டான் போட்டுக்கொண்டு வந்து காட்டுவாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. நானும் இப்போது துவாஸில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கிரேன் ஓட்டுகிறேன். வேண்டும்போது எழுந்து நடக்கலாம், கழிப்பறை பக்கத்திலேயே. சௌகரியம்தான். ஆனாலும் அந்த ஆறு கட்டில் வார்டையும், வாஷ்பேசின் குழாய்ச் சத்தத்தையும், இளஞ்சிவப்புப் பேசினையும் நினைக்கும்போது ஏதோ போய்விட்ட மாதிரி இருக்கிறது. வலியை அல்ல. வலி போனதில் சந்தோஷம்தான். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பியிருந்த நாட்கள் அவை.

பதினொன்றாம் மாதம், கோயில் மண்டபம். பாய் விரித்திருந்தார்கள். குமார் ஜொகூரிலிருந்து மாமன் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தான். கலா நீலக் குஷனைப் பையில் கொண்டுவந்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. அது பையிலேயே இருந்தது. நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். வெள்ளை கட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மீனா குனிந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை உடனே எடுக்கவில்லை. "முடியுதா அண்ணே?" என்றாள் காதோடு.

"பரவாயில்ல" என்று வாய் வரைக்கும் வந்தது. "நல்லா இருக்கும்மா," என்றேன். அவள் கையை எடுத்தாள்.

முடி இறங்கியது. சந்தனம் தடவினார்கள். ஊசி ஒரு காதில் ஏறியதும் யாழினி வீறிட்டாள், சுந்தர் சொன்னது போலவே உதைத்தாள். பிடித்துக்கொண்டேன். மறு காதும் முடிந்தது. அழுது ஓய்ந்து, மொட்டைத் தலையை என் நெஞ்சில் சாய்த்துத் தூங்கிப்போனாள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பந்தியில் பரிமாற ஆள் இல்லை என்று யாரோ என்னைத் தேடினார்கள். "மாமன் உட்கார்ந்திருக்காரு, எழுப்பாதீங்க," என்று மீனா சொல்வது கேட்டது.

அந்த வாரம்தான் கிளினிக்கில் பிள்ளையை எடை பார்த்திருந்தார்கள்.

ஒன்பது கிலோ முந்நூறு கிராம்.